அம்மாவின் அலுப்பும் மகளின் கல்லூரியும்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைக் கொடுக்கும் நாள்வரை நடுவில் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அந்த வாரங்களில் நம் வீடுகளில் எடுக்கப்படும் முடிவுகள் பலவும் மதிப்பெண்ணைப் பார்த்து எடுக்கப்படுவதில்லை, வீட்டு நிலைமையைப் பார்த்து எடுக்கப்படுகின்றன. "அம்மாவுக்கு முன்ன மாதிரி முடியறதில்ல, நான் வெளியூர் போயிட்டா யார் பாப்பாங்க?" என்று ஒரு பதினேழு வயதுப் பெண் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறாள். யாரிடமும் சொல்வதில்லை. நல்ல கட் ஆஃப் இருந்தும் விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறாள். பையன்களும் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் வீடு இதை எதிர்பார்ப்பது பெரும்பாலும் பெண்ணிடம்தான்.

இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணுக்காக. அம்மாவுக்கு என்ன என்று தெரிந்துகொள்ளாமல், அவருடைய சோர்வைக் காரணமாக வைத்து உங்கள் படிப்பை முடிவு செய்யாதீர்கள். அம்மாவுக்கு என்ன என்பது ஒரு கேள்வி, நீங்கள் எங்கே படிப்பது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்வார். இரண்டாவதற்கு ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். வரிசையும் முக்கியம்: முதலில் அம்மா, பிறகு கல்லூரி.

பொதுவாகப் பேசினால் விளங்காது என்பதால் திருப்பூர்ப் பக்கத்து வீடு ஒன்றை வைத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அது அடுத்த தெருவில் இருக்கிற வீடு. அம்மாவுக்கு வயது 43, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பக்கவாதத்தில் ஒரு கை, ஒரு கால் விழுந்துபோன அப்பத்தா வீட்டில் இருக்கிறார். தம்பி ஒன்பதாவது படிக்கிறான். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பொறியியல் கட் ஆஃப் 168.

முன்பெல்லாம் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வரும்போது அம்மா முறுக்கும் இரண்டு முழம் பூவும் வாங்கி வருவார். சில மாதங்களாக இரண்டும் இல்லை. டிபன் பாக்ஸைக் கழுவாமல் பையிலேயே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். டி.வி.யில் சீரியல் ஓடுகிறது, கண் அதில் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். தம்பி தட்டைக் கீழே போட்டால்கூடக் கத்துகிறார், பிறகு அழுகிறார். என்னம்மா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு, அலுப்பு" என்கிறார்.

அது அலுப்பாகவே இருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, சமைத்து, தண்ணீர் பிடித்து, மாமியாரைக் குளிப்பாட்டுகிற உடம்புக்கு அலுப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒன்றிய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை பார்க்கும் பெண்கள் சராசரியாக நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வேலைக்குப் போகிற பெண் இந்த நேரத்தைப் பெரும்பாலும் தன் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறாள்.

அலுப்புக்கும் மனச்சோர்வு நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் இருக்கிறவர்களால் ஓரளவு கவனிக்க முடியும். அலுப்பு ஓய்வு கிடைத்தால் இறங்கும். நன்றாகத் தூங்கி எழுந்த மறுநாள் முகத்தில் தெளிவு வரும், தங்கை வீட்டு விசேஷம் என்றால் புடவை எடுக்கலாமா என்று பேச்சு வரும். மனச்சோர்வு ஓய்வுக்கு அசைந்து கொடுக்காது. பிடித்தது எதுவும் பிடிக்காமல் போகும். நல்ல செய்தி வந்தாலும் முகம் மாறாது. தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடியிருந்தபோது அம்மா கொஞ்சமாவது பழைய அம்மாவாக ஆனாரா என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பல பெண்களுக்குத் தீபாவளி விடுமுறை என்பது அடுப்படியில் இன்னொரு ஷிப்ட். உண்மையான ஓய்வு கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சமையல், தண்ணீர், ரேஷன், அப்பத்தா எதையும் தொடவிடாமல் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மாற்றம் துளிகூட இல்லையென்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வளர்ப்பிலேயே ஏற்படும் களைப்பும் ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இசபெல் ரோஸ்காமும் மொய்ரா மிகொலாய்சாக்கும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் சொல்லும் அறிகுறிகள் நான்கு: அம்மாவாகவோ அப்பாவாகவோ இருப்பதே தாங்க முடியாத களைப்பைத் தருவது, முன்பு நான் இப்படி இல்லையே என்ற உறுத்தல், பிள்ளைகளோடு இருப்பதில் சந்தோஷம் போய்விடுவது, சோறு போடுவது பள்ளிக்கு அனுப்புவது தவிர மனதளவில் பிள்ளைகளிடமிருந்து விலகிவிடுவது. கடைசி அறிகுறிதான் பிள்ளைகளை மிகவும் புண்படுத்தும். "அம்மாவுக்கு என்மேல பாசமே இல்ல" என்று தோன்றும். பாசம் போய்விடவில்லை, அதைக் காட்டுவதற்கான தெம்பு தீர்ந்துபோயிருக்கிறது. உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டு அம்மா சிரிக்கவில்லை என்றால், அதை உங்கள்மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் உலகம் முழுவதும் பயன்படுத்தும் கேள்வித்தாள்களில் ஒன்று பிஹெச்க்யூ-9. அது 2001-இல் வெளியானது, தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள்: எதிலும் ஆர்வம் இல்லாமை, மனம் தாழ்ந்து கிடப்பது, தூக்கம் கெடுவது அல்லது மிதமிஞ்சித் தூங்குவது, அசதி, பசியில் மாற்றம், தன்னைத் தோற்றுப்போனவராகவோ குற்றவாளியாகவோ நினைப்பது, கவனம் நிற்காமை, அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் அப்படி இருந்தது என்பதைப் பொறுத்து 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் கூட்டுத்தொகையைப் பார்க்கக் கூடாது. அதில் ஒரு மதிப்பெண் வந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

இந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அம்மாவைப் பரீட்சை எழுத வைக்காதீர்கள். இது சந்தேகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி, நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலை. மகள் செய்ய வேண்டியது கவனிப்பதும் எழுதி வைப்பதும்தான். ஒரு நோட்டில் தேதி போட்டு, எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது விழித்தார், எத்தனை வேளை சாப்பிட்டார், எதற்கு அழுதார் என்று ஒரு வரி எழுதினால் போதும். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் பெரும்பாலான அம்மாக்கள் "எனக்கு ஒண்ணுமில்லைங்க டாக்டர், கொஞ்சம் உடம்பு வலி" என்றுதான் சொல்வார்கள். அப்போது அந்த நோட்டுதான் உண்மையைச் சொல்லும்.

உடம்பு வலி என்பதையும் தள்ளிவிடக் கூடாது. நம் ஊரில் மனச்சோர்வு பலருக்குத் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கை கால் குடைச்சல், வயிற்று எரிச்சல் என்று உடம்பு வழியாகத்தான் வெளிப்படுகிறது. உடம்பில் இருக்கிற கோளாறு மனச்சோர்வு போலத் தெரிவதும் உண்டு. இரத்தசோகை அதில் முதலாவது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேல்! கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குவது, தலைசுற்றல், எரிச்சல், எதையும் செய்ய மனம் வராதது எல்லாம் அதில் வரும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் அசதி, எடை கூடுவது, முடி கொட்டுவது, மனம் மந்தமாவது என எல்லாம் மனச்சோர்வைப் போலவே இருக்கும். சர்க்கரை, பி12 குறைபாடு, நாற்பதுகளில் மாதவிடாய் தாறுமாறாகும்போது வரும் தூக்கக்கேடு, இவையும் அப்படித்தான். அதனால் முதல் வேலை இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், சர்க்கரை. வீட்டருகில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பிக்கலாம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. "மனசு டாக்டரைப் பாக்கலாம்" என்றால் வர மறுக்கும் அம்மா, "இரத்தம் குடுத்துட்டு வரலாம் வாம்மா" என்றால் வருவார்.

அடுத்த படி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அது உண்டு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 புதிய மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். அம்மாவுக்குச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. பிடித்தால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டலாம், மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். "ஒரு நாள் லீவு போட்டா கூலி போயிடும்" என்று சொல்லிச் சொல்லியே நோயை வளர்த்துக்கொண்டவர்கள் பலர். தங்களுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேருக்கு ஈ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை என்பதும் உண்மை. அவர்களுக்கு அரசு மருத்துவமனைதான் வழி.

மாத்திரை கொடுத்தால் வீட்டில் பயம் வரும். மனச்சோர்வுக்கான மாத்திரை போதை மருந்து இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். முதல் சில நாள் குமட்டல், தலைவலி, தூக்கக் கலக்கம் இருக்கலாம். அந்த நேரத்தில்தான் பலர் "இது ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். மனம் தெளிந்த பிறகும் வழக்கமாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அக்கம்பக்கத்தில் ஏதாவது சொன்னால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம் என்றால் போதும். அதுதான் உண்மையும்.

கேட்கவே பயமாக இருக்கும் ஒன்றையும் கேட்கத்தான் வேண்டும். "நான் இல்லாம போனாத்தான் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று அம்மா சொல்லத் தொடங்கினால் அதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, சில நேரம் வாழவே வேண்டாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநல மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். பெரும்பாலும் யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் கிடைக்கும். ஆமாம் என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "எங்களை நினைச்சுப் பாத்தியா" என்றும் கேட்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல், வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அப்பாவையோ சித்தியையோ மாமாவையோ உடனே கூப்பிடுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அவசரம் என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரும் மறைக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

இதை ரகசியமாகச் சுமப்பது பதினேழு வயதுக்கு மிகப் பெரிய பாரம். அம்மாவே "யார்கிட்டயும் சொல்லாத சாமி" என்று கேட்டுக்கொண்டாலும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை. பெரியவர் ஒருவருக்காவது தெரிய வேண்டும். அப்பா சரியில்லாதவராக இருந்தால், அம்மாவின் சோர்வுக்குக் காரணமே அடி உதையாக இருந்தால், பெண்களுக்கான உதவி எண் 181.

இனி கல்லூரி. மகள் மனதில் ஓடும் கணக்கு இப்படி இருக்கும்: நான் கோயம்புத்தூருக்குப் போனால் செலவு, செலவு வந்தால் அம்மா இன்னும் ஓவர்டைம் பார்ப்பார், வீட்டு வேலையும் அவர் தலையில் விழும், ஆகவே நான் போகக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எத்தனை உண்மை என்று சரிபார்க்க வேண்டும்.

பொறியியல் கட் ஆஃப் என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடப்படுவது. இந்தப் பெண் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவள். தமிழ்நாட்டில் 2020-இல் மருத்துவப் படிப்புக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. அந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேருபவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. உயர்கல்வியில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதேபோல் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் கட்டணச் சலுகை உண்டு, சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இவற்றையெல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தால், "செலவு" என்று மனதில் பூதாகரமாக நின்றது வேறு அளவில் தெரியும். ஒதுக்கீட்டில் வராதவர்களுக்குக் கல்விக்கடன் இருக்கிறது. வங்கிகளின் பொதுவான திட்டத்தில் நான்கு லட்சம்வரை சொத்து ஈடோ வெளியார் ஜாமீனோ கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணை கட்ட வேண்டியதில்லை. சந்தேகத்துக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணில் கேட்கலாம்.

தூரமும் அப்படித்தான். திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 50 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரம். தினமும் போய்வருகிறவர்கள் நிறையப் பேர். விடுதியில் தங்கினாலும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் உள்ள வித்தியாசம் இந்த வீட்டுக்குப் பெரியது. கல்லூரியின் பெயருக்காக மட்டும் சென்னையை முதலில் போட வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வீட்டுக்கு விருப்பப் பட்டியலில் கோயம்புத்தூர்க் கல்லூரிகளை மேலே வைப்பதுதான் சரி. அம்மாவின் நிலைமையைக் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் இந்தப் பட்டியல்தான். படிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது.

மிச்சமிருப்பது வீட்டு வேலை. இதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. மகள் இப்போது வீட்டில் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும்: தண்ணீர் வருகிற நேரத்தில் குடம் நிரப்புவது, அப்பத்தாவை மதியம் சாப்பிட வைப்பது, அவருக்கு மாத்திரை கொடுப்பது, தம்பிக்கு டிபன் கட்டுவது, ரேஷன் கடையில் நிற்பது, துணி துவைப்பது. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர் எழுத வேண்டும். ஒன்பதாவது படிக்கும் தம்பி குடம் நிரப்பலாம், தன் டிபனைத் தானே கட்டிக்கொள்ளலாம், துணி துவைக்கலாம். அப்பா லோடு இல்லாத மதியத்தில் தன் அம்மாவுக்குச் சோறு ஊட்டலாம். அத்தை வாரத்தில் ஒரு நாள் வந்து தன் தாயைப் பார்த்துக்கொள்ளலாம். மகள் போவதற்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். அவள் வீட்டில் இருக்கும்போதே நடக்காத ஏற்பாடு அவள் போன பிறகு நிச்சயம் நடக்காது. அம்மா "அவங்களுக்கு இதெல்லாம் வராது, நானே பாத்துக்கறேன்" என்பார். ஒரு வாரம் சோறு குழைந்தாலும் பரவாயில்லை, விட்டுப் பிடியுங்கள்.

அம்மாவிடம் பேசுவதற்கும் நேரம் காலம் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு, கால் வீங்கி வந்து உட்கார்ந்தவரிடம், "நான் எங்கம்மா படிக்கட்டும்?" என்று கேட்காதீர்கள். மனம் சோர்ந்திருக்கும்போது எதிர்காலம் முழுக்க இருட்டாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் வரும் பதில் அம்மாவுடையது அல்ல, நோயினுடையது. "எங்கயோ போ, எனக்கென்ன" என்பார், இல்லாவிட்டால் "நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்" என்று அழுவார். இரண்டையும் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி குடித்த பிறகு, சின்னச் சின்னதாகக் கேளுங்கள்: இந்த இரண்டு கல்லூரியில் எது தேவலை, வாரா வாரம் வந்தால் போதுமா, உனக்கு எதை நினைத்தால் அதிகம் பயமாக இருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் எதிர்பாராத பதில் வரும். குழு லோன் வாரத் தவணை இன்னும் எத்தனை பாக்கி என்பதாக இருக்கலாம், பெண்ணை வெளியூர் அனுப்பினால் சொந்தத்தில் என்ன பேசுவார்கள் என்பதாக இருக்கலாம். சில அம்மாக்களைப் பல மாதமாகத் தூங்கவிடாமல் வைத்திருப்பதே, பிள்ளை நன்றாக மதிப்பெண் வாங்கிவிட்டது, படிக்க வைக்க முடியுமா என்ற பயம்தான். அந்த அம்மாவுக்கு, அரசு கட்டணம் கட்டுகிற விவரத்தை எழுத்தில் காட்டுவது பெரிய ஆறுதல்.

மகள் வீட்டில் இருந்துவிட்டால் அம்மா குணமாகிவிடுவார் என்று நினைப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. மனச்சோர்வு பக்கத்தில் யாராவது இருப்பதால் மட்டும் தீராது, வைத்தியம் பார்த்தால் தீரும். வைத்தியம் இல்லாமல் மகளும் கம்பெனிக்குப் போகத் தொடங்கினால், ஓராண்டில் அந்த வீட்டில் சோர்ந்துபோனவர்கள் இரண்டு பேராக இருப்பார்கள். தன்னால் மகளின் படிப்பு நின்றது என்ற குற்ற உணர்ச்சியும் அம்மாவுடன் சேர்ந்துகொள்ளும். குற்ற உணர்ச்சி இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று, அதற்கு வீடே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்ததாகிவிடும்.

பக்கத்திலேயே இருக்க வேண்டிய நிலைமையும் சில வீடுகளில் உண்டு. அம்மா உயிரை விட முயன்று சில மாதம்தான் ஆகிறது, வீட்டில் பொறுப்பான வேறு பெரியவர் இல்லை, மருத்துவரே கூட ஆள் இருக்க வேண்டும் என்கிறார் என்றால் வெளியூர் விடுதியை ஒத்திவைப்பது சரிதான். அப்போதும் வீட்டோடு உட்கார்ந்துவிடக் கூடாது. திருப்பூரிலேயே சிக்கண்ணா அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசுக் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி. முடித்து எம்.சி.ஏ. போகலாம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியும். "ஒரு வருஷம் இருந்துட்டு அப்புறம் பாக்கலாம்" என்ற யோசனையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். வசதியான வீட்டில் அந்த ஒரு வருடம் நீட் பயிற்சிக்குப் போகும், அடுத்த ஆண்டு சேர்ந்துவிடுவார்கள். கூலிக்குப் போகிற வீட்டில் அந்த ஒரு வருடத்துக்குள் மகளின் சம்பளம் குடும்பக் கணக்கில் ஏறிவிடும், ஜாதகம் கையில் எடுக்கப்படும். அதிலிருந்து திரும்பி வருவது மிகவும் கடினம்.

மகளுக்கும் இது பொருந்தும்: உங்களுக்கே இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதைப் பார்த்தாலும் அழுகை வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவோடு போகும்போது உங்களுக்கும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள். ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநலச் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 எண்ணிலும் தேர்வு முடிவு, மன உளைச்சல் குறித்து ஆலோசனை தருகிறார்கள்.

இதைப் படிக்கிற அப்பாக்களுக்கும், மாமா, சித்தி, அத்தைகளுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன வேலைகள் பலவும் உண்மையில் ஒரு பள்ளி மாணவி செய்ய வேண்டியவை அல்ல, வேறு யாரும் செய்யாததால் அவள் செய்கிறாள். உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு தாய் இருந்தால், இந்த வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, நீங்கள் போய் அந்த ஓ.பி. சீட்டை வாங்குங்கள். அந்தப் பெண் விருப்பப் பட்டியலைப் பார்க்கட்டும்.